ஒன்பது கணினிகளில் ஏறிய ஆட்டோகேட், மீதி ஐந்தில் மட்டும் 1603 என்று நிற்பது ஏன்?

கிருஷ்ணகிரியில் கட்டட வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் பதினான்கு கணினிகள் இருப்பதாகவும், ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் புதிய பதிப்பைச் சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டரில் வைத்து, கணினி எழும்போதே தானாக ஏறும்படி குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் சர்வரிலிருந்தே விதி வைக்கும் வசதி) ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டாகக் (எழும்போது ஓடும் கட்டளைக் கோப்பு) கொடுத்ததாகவும் இங்கே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதில் ஏறிவிட்டது, ஐந்தில் மூன்று நாளாக 1603 என்ற பிழை. அந்த ஐந்திலும் நேரில் உட்கார்ந்து அட்மின் கணக்கில் அதே ஸ்கிரிப்டை, அதாவது பேட் கோப்பை, ஓட்டினால் மூன்றில் ஏறிவிடுகிறது, இரண்டில் அப்போதும் ஏறவில்லை. ஏறிய கணினிகளிலும் சிலருக்கு அலுவலகத்தின் லிஸ்ப் கட்டளைகளும் (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் சிறு நிரல்கள்) டெம்ப்ளேட்டும் (வரைபடத்தின் மாதிரிக் கோப்பு) வரவில்லை. ஐந்தையும் ஃபார்மட் செய்துவிடலாமா என்று முடித்திருக்கிறீர்கள். 1603 என்றால் என்ன என்று கேட்டிருந்தாலும், என் கண்ணுக்குப் படும் உண்மையான கேள்வி வேறு: கையால் ஓட்டினால் ஏறுவது, தானாக ஓடும்போது மட்டும் ஏன் ஏறவில்லை? அதற்கு விடை கிடைத்தால் ஃபார்மட் தேவையா என்பதும் தெரிந்துவிடும்.

ஓசூரில் இருந்துகொண்டு, சிப்காட் பகுதியின் டூல் ரூம்களுக்கும், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக் கட்டட வடிவமைப்பு அலுவலகங்களுக்கும் கணினி வேலை பார்த்துவருபவன் நான். நிறுவல் நடந்த விதத்தைப் பதிந்துவைக்கும் உங்கள் லாக் கோப்பை நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே எழுதுவதில் விண்டோஸின் இயல்பைப் பற்றியவை உறுதியானவை, உங்கள் ஐந்து கணினிகளைப் பற்றியவை ஊகம். எது எது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானது. 1603 என்பது காரணத்தைச் சொல்லும் எண் அல்ல. மென்பொருளை ஏற்றும் விண்டோஸின் பகுதியான விண்டோஸ் இன்ஸ்டாலர், தொடங்கிய வேலை நடுவில் முறிந்தது என்பதை மட்டும் அந்த எண்ணால் சொல்கிறது. எதனால் முறிந்தது என்பது அதில் இல்லை. ஆனால் அந்த எண் வந்திருப்பதிலிருந்தே சிலவற்றைக் கழித்துவிடலாம். நிறுவல் கோப்பையே திறக்க முடியாமல் போயிருந்தால் 1619 வந்திருக்கும். வேறொரு நிறுவல் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் 1618. யாரோ ரத்து செய்திருந்தால் 1602. உங்களுக்கு வந்தது இவற்றில் எதுவும் இல்லை என்பதால், கணினி ஷேர் ஃபோல்டரை எட்டியது, கோப்பைத் திறந்தது, வேலையைத் தொடங்கியது, பிறகுதான் விழுந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சக உறுப்பினர்கள் சிலர் ஷேர் ஃபோல்டரின் அனுமதியைப் பாருங்கள் என்று பதில் எழுதியிருக்கிறார்கள். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் எந்தப் பயனரின் பெயரிலும் ஓடாமல் சிஸ்டம் கணக்கில் (விண்டோஸின் சொந்தக் கணக்கு) ஓடுவதால், நெட்வொர்க்கில் அது கணினியின் சொந்தக் கணக்காகவே போய் நிற்கும். டொமைனில், அதாவது சர்வர் நிர்வகிக்கும் கணினிக் கூட்டத்தில், உள்ள கணினிகளுக்கு அந்த ஃபோல்டரில் படிக்கும் அனுமதி வேண்டும் என்பது சரிதான். ஆனால் அனுமதி இல்லையென்றால் பதினான்கிலும் ஏறியிருக்காது. ஒன்பதில் ஏறியிருக்கிறது என்பதே அந்தச் சந்தேகத்தைப் பெரிதும் தள்ளிவிடுகிறது.

அடுத்ததுதான் நான் முதலில் பார்க்கச் சொல்வது. குரூப் பாலிசி வழியாக ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கு விண்டோஸ் கொடுக்கும் நேரம், யாரும் மாற்றியிருக்காவிட்டால், 600 வினாடி. அதாவது பத்து நிமிடம். அதற்குள் முடியாத ஸ்கிரிப்டை விண்டோஸ் நிறுத்திவிட்டு, தன் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ஒரு பிழையைப் பதிந்துவிட்டுப் போய்விடும். நோட்பேட் அளவு மென்பொருளுக்கு இந்தப் பத்து நிமிடம் தாராளம். ஆட்டோகேட் போன்றதற்குப் போதாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் இமேஜ் ஃபோல்டர் (நிறுவல் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) 5 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் வந்து பதினான்கு கணினிகளையும் ஒன்றாகப் போட்டால் சர்வரிலிருந்து வெளியேற வேண்டியது 70 ஜிபி. சர்வரின் இணைப்பு ஜிகாபிட் என்றால் வினாடிக்கு நடைமுறையில் 110 எம்பி அளவில் வரும். வேறு எந்தத் தடையும் இல்லாமலே பத்து நிமிடத்தைத் தாண்டிவிடும். கோப்புகள் வந்துசேரவே இவ்வளவு நேரம் என்றால், அவற்றை விரித்து எழுதும் வேலைக்கு நேரம் எங்கே? ஏறிய ஒன்பதும் ஏதோ ஒரு நாள் சற்று முன்பின்னாகப் போடப்பட்டதால், அல்லது வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இருப்பதால் தப்பித்திருக்கக்கூடும்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு கேள்வி: அந்த ஐந்து கணினிகளும் ஒரே அறையில் இருக்கின்றனவா? இருந்தால், அந்த அறைக்குப் போகும் சுவிட்சின் மேல் ஒட்டியிருப்பதைப் படித்துப் பாருங்கள். நம் ஊர் அலுவலகங்களில் பெரும்பாலும் முன்னறையை மட்டும் புதிதாக வயரிங் செய்திருப்பார்கள். பின்னறைக்கு, பழைய எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்று மேசைக்கு அடியில் தூசியோடு தொங்கிக்கொண்டிருக்கும். அது 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் வினாடிக்கு 11 எம்பிதான் கடக்கும். ஐந்து கணினிக்கும் சேர்த்து 25 ஜிபி இழுக்க முப்பத்தெட்டு நிமிடம் ஆகும். நீங்கள் நேரில் போய் ஒவ்வொன்றாக ஓட்டியபோது ஏறியதும் இதனோடு பொருந்துகிறது: அப்போது ஒரே கணினி மட்டும் இழுக்கிறது, பத்து நிமிடக் கெடுவும் இல்லை. சுவிட்சில் குற்றமே இல்லாமலும் இது நடக்கலாம். கிருஷ்ணகிரிக்கு அருகில் ஒரு கிரானைட் அறுவை ஆலையின் அலுவலகத்தில், ஒரே மாடல் நான்கு கணினிகளில் ஒன்று மட்டும் நிறுவலுக்கு மற்றவற்றைவிட மூன்று மடங்கு நேரம் எடுத்தது. திறந்து பார்த்தால் பிராசஸர் விசிறிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் கல் தூள் ஈரப்பதத்தோடு சேர்ந்து சிமெண்ட் பூச்சு போல் இறுகியிருந்தது. சூடு ஏறியதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்ததோடு அந்த நிறுவல் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, முடிக்கப்படாமல் நிற்கும் ரீஸ்டார்ட். விண்டோஸ் அப்டேட்டோ வேறு மென்பொருளோ, பயன்பாட்டில் இருக்கும் கோப்புகளை அடுத்த முறை எழும்போது மாற்றிக்கொள்கிறேன் என்று குறித்துவைத்துக்கொள்ளும். அது நிலுவையில் இருக்கும்போது புதிய நிறுவலைத் தொடங்கினால், சில நிறுவல்கள் ரீஸ்டார்ட் கேட்கும், சில நடுவில் முறியும். இங்கே பலர் ஏமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. மாலையில் ஷட் டவுன் கொடுத்து, மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போகிறோம், ஆகவே கணினி தினமும் புதிதாகத்தான் எழுகிறது என்று நினைக்கிறோம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அது உண்மை அல்ல. அந்த வசதியில் ஷட் டவுன் என்பது, பயனரை வெளியேற்றிவிட்டு விண்டோஸின் மையப்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதித் தூங்கவைப்பதுதான். காலையில் அதே நிலை திரும்ப எழுகிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப் டைம் என்ற எண்ணைப் பாருங்கள். தினமும் அணைக்கப்படும் கணினியில் நாற்பது நாள் என்று காட்டினால் திகைக்க வேண்டாம். அந்த நாற்பது நாளும் அது ஒருமுறைகூட உண்மையில் ரீஸ்டார்ட் ஆகவில்லை என்று பொருள். நிலுவை தீர, ஷட் டவுன் செய்து போடுவது போதாது, ரீஸ்டார்ட் என்பதையே அழுத்த வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பில் எழும் கணினியில் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் ஓடாமலே போவதும் உண்டு என்பதால், நீங்கள் செய்யும் வகை வேலைக்கு அந்த வசதியை அணைத்துவிடுவதே நல்லது.

கையால் ஓட்டியும் ஏறாத அந்த இரண்டைப் பற்றி என் ஊகம், முந்தைய நாட்களின் அரைகுறை நிறுவல் அவற்றில் தங்கிவிட்டது என்பது. ஆட்டோகேட் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே ஏறுவது பல பொட்டலங்கள்: விஷுவல் சி பிளஸ் பிளஸ் கோப்புகள், லைசன்சிங் சர்வீஸ், மொழிப் பொட்டலம், மூல மென்பொருள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடுவில் ஸ்கிரிப்ட் அறுபட்டால் சில பொட்டலங்கள் ஏறியதாகப் பதிவாகியிருக்கும், ஒன்று பாதியில் நிற்கும். விண்டோஸ் இன்ஸ்டாலர் பாதி வேலையைத் தானே பின்வாங்கிச் சுத்தம் செய்ய முயலும். எப்போதும் அது வெற்றிபெறுவதில்லை. மறுநாள் ஓடும் நிறுவல் அந்த மிச்சத்தில் இடறி விழுகிறது. முதல் நாள் வந்த பிழையும் மூன்றாம் நாள் வந்த பிழையும் எண்ணில் ஒன்றாக இருந்தாலும் காரணத்தில் வேறாக இருக்கலாம் என்பதை இதனால்தான் மறக்கக் கூடாது.

இதை ஊகமாகவே விடாமல் லாக் கோப்பைத் திறந்து பார்த்துவிடலாம். லாக் எதுவும் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதற்குக் காரணம், நீங்கள் தேடியது உங்கள் கணக்கின் டெம்ப் ஃபோல்டரில். ஸ்கிரிப்ட் ஓடியது சிஸ்டம் கணக்கில். அதன் டெம்ப், சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப். 2022 பதிப்பு முதல் ஆட்டோடெஸ்க் பயன்படுத்தும் புதிய இன்ஸ்டாலர், தன் லாக்கை ஓட்டியவரின் லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் ஆட்டோடெஸ்க், அதற்குள் ஓடிஐஎஸ் என்ற ஃபோல்டரில் எழுதும். சிஸ்டம் கணக்கின் லோக்கல் ஆப்டேட்டா இருப்பது விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக், சிஸ்டம்புரொஃபைல் என்று உள்ளே போகும் பாதையில். அங்கே கிடைக்கும் லாக், எந்தப் பொட்டலத்தில் முறிந்தது என்று சொல்லும். பிறகு அந்தப் பொட்டலத்துக்கு விண்டோஸ் இன்ஸ்டாலர் எழுதிய எம்எஸ்ஐ லாக்கை நோட்பேடில் திறந்து, ரிட்டர்ன் வேல்யூ 3 (return value 3) என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். முதலில் அகப்படும் அந்த வரிக்கு மேலே இருக்கும் பத்து இருபது வரிகளில்தான் விஷயம் இருக்கும். கோப்பின் கடைசியில் போய்ப் படிப்பவர்கள் 1603ஐ மட்டுமே திரும்பக் காண்பார்கள். அது எழவு விழுந்த வீட்டில் பந்தல் போட்டவரிடம் போய் என்ன நோய் என்று விசாரிப்பது போன்றது.

லாக்கில் தெரிவது விஷுவல் சி பிளஸ் பிளஸ் பொட்டலம் என்றால், கண்ட்ரோல் பேனலில் குறிப்பிட்ட ஆண்டுப் பதிப்பை மட்டும் ரிப்பேர் செய்து பாருங்கள். யூடியூபில் சொல்கிறார்கள் என்று எல்லாப் பதிப்புகளையும் ஒட்டுமொத்தமாக நீக்கிவிடாதீர்கள். கணக்கு எழுதும் மென்பொருளிலிருந்து பிரிண்டர் மென்பொருள் வரை அவற்றை நம்பியிருக்கலாம். கோப்பை எழுத அனுமதி மறுக்கப்பட்டது என்று தெரிந்தால் ஆன்டிவைரஸின் தடுப்புப் பட்டியலையும், சில ஃபோல்டர்களில் எழுதுவதைத் தடுக்கும் விண்டோஸின் கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸையும் பார்க்க வேண்டும். அரைகுறை மிச்சம் என்றால் பட்டியலில் உள்ள ஆட்டோடெஸ்க் பதிவுகளை முறையாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் ஏற்றுங்கள். அப்படியும் நீங்காத பதிவுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் நிறுவல், நீக்கல் சரிசெய்யும் கருவி உதவும். ஃபார்மட் இவையெல்லாம் முடிந்த பிறகு நினைக்க வேண்டிய ஒன்று. அதுவும் பத்து நிமிடக் கெடுவையும் பழைய சுவிட்சையும் அப்படியே வைத்துக்கொண்டு ஃபார்மட் செய்தால், ஞாயிற்றுக்கிழமை முழுக்க உழைத்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் அதே 1603ஐத்தான் பார்ப்பீர்கள்.

இனி எப்படி ஏற்றுவது என்பதில் என் வழக்கத்தைச் சொல்கிறேன். பாலிசியில் அந்த நேர வரம்பை 0 என்று வைத்தால் முடியும்வரை விண்டோஸ் காத்திருக்கும். ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. ஸ்கிரிப்ட் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயனர் உள்ளே வந்து பழைய பதிப்பில் வரைபடத்தைத் திறந்துவிடுவார், அல்லது ஏதோ மெதுவாக இருக்கிறதே என்று பவர் பட்டனை அழுத்திவிடுவார். நான் செய்வது இரண்டு கட்டமாக. முதலில் இமேஜ் ஃபோல்டரை, விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி கொண்டு ஒவ்வொரு கணினியின் டிஸ்கிலும் பகல் வேளையில், ஆளுக்கொரு நேரமாக, இறக்கிவிடுவேன். மறுநாள் மதிய உணவு நேரத்தில், டாஸ்க் ஷெட்யூலரில் சிஸ்டம் கணக்கில் வைத்த பணி, உள்ளூர் டிஸ்கிலிருந்தே நிறுவலை ஓட்டும். நெட்வொர்க் நடுவில் வருவதே இல்லை. ஒரு எச்சரிக்கை: இமேஜ் உருவாக்கும்போது பதியப்பட்ட சர்வர் பாதை அதன் பேட் கோப்பில் இருக்கும், உள்ளூர்ப் பாதைக்கு மாற்றாமல் ஓட்டினால் அது மறுபடி சர்வரைத்தான் தேடும். இன்னொன்று, ரோபோகாப்பி திருப்பித் தரும் எண்கள். அதில் 0 என்றால் நகலெடுக்க ஒன்றும் இல்லை, 1 என்றால் கோப்புகள் நல்லபடியாக நகலாயின. 8ம் அதற்கு மேலும்தான் தோல்வி. பூஜ்யம் தவிர எல்லாமே பிழை என்று ஸ்கிரிப்டில் எழுதிவிட்டு, நன்றாக நகலான கணினிகளையெல்லாம் பழுது என்று குறித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அலைந்தவன் நான். அதேபோல் நிறுவல் முடிவில் வரும் 3010 தோல்வி அல்ல. ஏறிவிட்டது, ரீஸ்டார்ட் செய் என்று பொருள்.

லிஸ்பும் டெம்ப்ளேட்டும் வராதது முற்றிலும் வேறு விஷயம். அதை 1603உடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆட்டோகேட் கணினிக்கு ஒருமுறை ஏறுகிறது, ஆனால் ஒவ்வொரு பயனரும் முதல்முறை திறக்கும்போது அவருக்கென்று ஒரு தொகுதிக் கோப்புகளை அவருடைய ரோமிங் ஃபோல்டரில் தனியாக எடுத்துவைத்துக்கொள்கிறது. நீங்கள் அட்மினாக நுழைந்து மெனுவையும் டெம்ப்ளேட்டையும் வைத்திருந்தால் அவை அட்மினுக்கு மட்டுமே தெரியும். எல்லோருக்கும் வேண்டியதைப் பொதுவான ஒரு ஃபோல்டரில் வைத்து, இமேஜ் உருவாக்கும்போதே, ஆட்டோகேட் கோப்புகளைத் தேடும் சப்போர்ட் பாதையாகக் கொடுக்க வேண்டும். அதோடு டிரஸ்டட் பாதைகளிலும் அதைச் சேர்க்க வேண்டும். 2014 பதிப்பிலிருந்து, நம்பிக்கைப் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து லிஸ்ப் கோப்பு ஏறும்போது ஆட்டோகேட் எச்சரிக்கும் அல்லது தடுக்கும். தொல்லையாக இருக்கிறதென்று அந்தக் காவலையே அணைத்துவிடுபவர்கள் உண்டு, வேண்டாம். சைட்டிலிருந்து பென்டிரைவில் வரும் வரைபட ஃபோல்டர்களோடு ஏகேட் என்ற பெயரில் ஒரு லிஸ்ப் கோப்பும் ஒட்டிக்கொண்டு வந்து, திறக்கும் ஃபோல்டர்களிலெல்லாம் தன்னை நகலெடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பொது ஃபோல்டர் சர்வரில் இருக்கலாம், ஆனால் சர்வரின் யுபிஎஸ் நின்றுவிட்ட நாளில் ஒவ்வொரு ஆட்டோகேட்டும் அந்தப் பாதையைத் தேடிக்கொண்டு திறக்கவே நேரம் எடுக்கும் என்பதால், உள்ளூர் டிஸ்கில் ஒரு நகலை வைத்து ரோபோகாப்பியால் புதுப்பிப்பதையே நான் விரும்புகிறேன். பயனருக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும். பழைய துணை நிரல்கள் லிஸ்பாக இல்லாமல் டிஎல்எல் கோப்புகளாக (தொகுத்து முடித்த நிரல்கள்) இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆட்டோகேட் 2025, மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட்டின் 8ஆம் பதிப்புக்கு மாறிவிட்டது, 2024 வரைக்குமாக எழுதப்பட்ட டாட்நெட் டிஎல்எல்களை எழுதியவரிடம் கொடுத்துப் புதிதாகத் தொகுத்து வாங்க வேண்டிவரும்.

எழுத்துருவிலும் இதே கதை உண்டு. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, எழுத்துருவை வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்தப் பயனருக்கு மட்டும் ஏறும். எல்லாப் பயனருக்கும் என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்தால்தான் பொதுவாகும். ஒருவரிடம் தமிழில் சரியாகத் தெரியும் தலைப்புக் கட்டம் பக்கத்து நாற்காலிக்காரர் நுழைந்ததும் கட்டம் கட்டமாக மாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஏறிய பிறகு லாகின் திரை வெள்ளையாக நிற்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது எந்தக் கணினி என்று சொல்லவில்லை, ஆனாலும் பணிப்பட்டையின் மூலையில் தேதியைப் பாருங்கள். தருமபுரியில் டொமைன் இல்லாத ஓர் அலுவலகத்தில், வார இறுதி மின்வெட்டுக்குப் பின் ஒரு கணினி மட்டும் ஆட்டோடெஸ்க் கணக்கில் நுழைய மறுத்தது. மதர்போர்டின் நாணய வடிவ பேட்டரி தீர்ந்து, ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தது. தேதி தவறினால் பாதுகாப்பான இணைய இணைப்பின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். டொமைனில் என்றால், ஐந்து நிமிடத்துக்கு மேல் கடிகாரம் விலகினாலே நுழைபவர் யாரென்று பார்க்கும் கெர்பராஸ் சரிபார்ப்பு மறுத்துவிடும். பேட்டரியை மாற்றியதும் திரை வந்தது.

ஐந்தில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து, ரீஸ்டார்ட் செய்து, சிஸ்டம் கணக்கின் லாக்கில் அந்த முதல் ரிட்டர்ன் வேல்யூ 3க்கு மேலுள்ள இருபது வரிகளையும், அந்தக் கணினி எந்த சுவிட்சில் இணைந்திருக்கிறது என்பதையும், டிஸ்க் எஸ்எஸ்டியா பழைய ஹார்ட் டிஸ்கா என்பதையும் இங்கே போடுங்கள். சர்வர் பெயரையும் பயனர் பெயர்களையும் அழித்துவிட்டுப் போடவும்.